பாதையும் தரவே

தரவைப் படியெடுப்பது வெறும் கைவேலை என்றும், சிந்தனைக்கு அதில் இடமில்லை என்றும் ஆய்வுலகில் ஓர் எண்ணம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் 3 ஆண்டுகளாக 5 மழைமானி நிலையங்களில் தரவு திரட்டியிருந்தார். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதனுள் நிலையத்துக்கு ஒன்று, அதனுள் மாதத்துக்கு ஒன்று. மாதக் கோப்புறை ஒவ்வொன்றிலும் 'தினசரி' என்ற ஒரே பெயரில் ஒரு கோப்பு. ஆக மொத்தம் 180. எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்த மாதம் என்னும் குறிப்பு கோப்பினுள் இல்லை. அதன் பாதையில் மட்டுமே இருந்தது.

ஆய்வகக் கணினியை அடுத்த மாணவரிடம் ஒப்படைக்குமுன், 'ஆன்ட்' கருவிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கி, 2000ஆம் ஆண்டு முதல் தனி மென்பொருளாக வெளிவரும் கருவி அது. அதன் 'காப்பி' கட்டளையில் இரட்டை நட்சத்திரக் குறி இட்டால், எத்தனை அடுக்கு ஆழத்தில் உள்ள கோப்பும் அடுக்கமைப்பு மாறாமல் வந்து சேரும். 'ஃப்ளாட்டன்' என்பதையும் சேர்த்தால் அடுக்குகள் நீங்கி, எல்லாம் ஒரே கோப்புறையில் விழும். தேட எளிது என்று அவர் அதைச் சேர்த்தார். 180 கோப்புகள் படியெடுக்கப்படுவதாகத் திரை சொன்னது. பணி வெற்றி என்றும் முடித்தது. மூலத்தை அழிக்குமுன் இலக்கைத் திறந்து பார்த்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு 'தினசரி'.

கருவி கேட்டதைத்தான் செய்தது. அதன் மற்ற இயல்புகளும் அறியத்தக்கவை. மூலக்கோப்பு இலக்கில் உள்ளதைவிடப் புதியதாக இருந்தால்தான் அது பொதுவாகப் படியெடுக்கும். திருத்தமான பழைய கோப்பை அதன் பழைய தேதியுடன் மீட்டு வைத்தால், அதைத் தாண்டிச் சென்றுவிடும். பிழையான கோப்பே இலக்கில் நீடிக்கும். மூலத்தில் அழித்த கோப்பும் இலக்கில் தங்கிவிடும். அதை நீக்க 'சிங்க்' என்னும் வேறு கட்டளை வேண்டும்.

அந்த ஆய்வாளர் 'ஃப்ளாட்டன்' நீக்கி மீண்டும் படியெடுத்தார். இரு பக்கக் கோப்புகளையும் எண்ணி, ஒவ்வொன்றின் செக்சம் மதிப்பையும் ஒப்பிட்டார். பின்னர் ஆண்டு, நிலையம், மாதம் ஆகியவற்றை ஒவ்வொரு கோப்பினுள்ளும் தனி நெடுவரிசைகளாகச் சேர்த்தார். அதன் பிறகே மூலத்தை அழித்தார். இனி அத்தரவு எந்தக் கோப்புறைக்கு மாறினாலும், அது எங்கே, எப்போது பெய்த மழை என்பதைத் தானே சொல்லும்.