நித்திரைக்குக் காவல்

பழைய மாணவர் சங்கக் காரியதரிசியார் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று எழுதியிருந்தார். விடுதி வாழ்வையும் உபாத்தியாயர்தம் கைப்பிரம்பையும் எம்மினும் வல்லோர் எழுதுவர். முப்பது ஆண்டுகளாக நோயாளரை நித்திரையாக்குவதே எமது தொழிலாதலின் அதுபற்றியே சிறிது கூறத் துணிந்தோம். எமது மேடைப் பேச்சுக்களைக் கேட்ட நண்பர்கள், மருந்தின்றியும் அது எமக்குக் கைவரும் என்பர்.

1846 ஒக்டோபர் 16ஆந் திகதி பொஸ்ரன் நகரில் மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியின் வல்லமையைப் பலரறியக் காட்டினார். மறுவருடம் எடின்பரோவிற் சிம்சன் குளோரபோமைப் புகுத்தினார். நோவு போயிற்று, புதியதோர் ஆபத்து வந்தது. மயங்கிக் கிடப்பவன் மூச்சுத் தடைப்பட்டாலும் சொல்லமாட்டான். உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றனவா என்று பார்த்திருப்பதே நெடுங்காலம் காவலாயிருந்தது. நீலம் கண்ணுக்குத் தோன்றுமுன் இரத்தத்தில் ஒட்சிசன் வெகுவாகக் குறைந்துவிடும். எம்போன்ற கருநிறத்தாரில் அது இன்னும் பிந்தியே புலப்படும்.

இக்குறையை நீக்கியது விரலைக் கவ்வும் ஒரு சிறு கருவி. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1974இல் அதன் தத்துவத்தை வெளியிட்டார். ஒட்சிசன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் சிவப்பொளியையும் செந்நிறக்கீழ்க் கதிரையும் வெவ்வேறளவில் உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு மாறும் பகுதியை மட்டும் பிரித்தறிந்தால் நாடியில் ஓடும் இரத்தத்தின் நிலை தெரியும். ஒட்சிசன் குறையக் குறையக் கருவியின் ஒலியும் தாழும். சங்கீத ஞானம் எமக்குச் சிறிதுமில்லை. ஆயினும் அச்சுருதி இறங்கினால், முதுகு காட்டி நின்றாலும் உடனே திரும்பிவிடுவோம்.

கருவியினும் மேலாக யாம் மதிப்பது ஒரு கடதாசி. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. மயக்குமுன், அறுக்குமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று தரம் எல்லோரும் நின்று உரத்துச் சொல்லவேண்டும்: இவர் யார், எந்த அங்கம், எந்தப் பக்கம், துணிகளின் கணக்குச் சரியா. எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2014இல் வெளியான கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஆய்வோ அத்தகைய பயனைக் காணவில்லை. எமக்கு அது வியப்பன்று. வாயாற் சொல்லாது பேனாவாற் புள்ளடியிட்டு முடிக்கும் இடங்களும் உள. அக்கடதாசியின் பலன் வேறிடத்தில் இருக்கிறது. நேற்று வந்த தாதி, நரைத்த சத்திரவைத்தியரை நோக்கி, "சேர், ஒரு துணி குறைகிறது" என்று சொல்ல வாய்திறக்கின்றாளே, அங்கேதான். பெரியோர் முன் வாய்பொத்தி நிற்கப் பழகிய எம்மவர்க்கு அது எளிதன்று.

இனி, தையல் ஆறியும் ஆறாத நோவு. யுத்தத்திற் காலிழந்த ஒருவர் எம்மிடம் வந்தார். இல்லாத பாதத்தின் பெருவிரல் முறுகி நோகின்றதென்றார். வீட்டார் நம்பவில்லை, சித்தப்பிரமை என்றனர். கால் போனாலும் மூளையில் அதற்குரிய இடம் போவதில்லை. அறுபட்ட நரம்பும் வாளாவிருப்பதில்லை. சென்னையில் வைத்தியம் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990களின் நடுவில் இதற்குக் கண்ணாடி ஒன்றைத் துணைக்கொண்டார். யாமும் ஒரு நிலைக்கண்ணாடியை நெடுக்கே வைத்து, உள்ள காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தோன்றச் செய்தோம். மூன்றாம் வாரம் விரல் சற்றே விரிந்ததென்றார். நோவு முற்றாக நீங்கவில்லை. எல்லோர்க்கும் இது பலிக்கும் என்று சொல்லவும் மாட்டோம்.

நோவுபற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, நோகின்றதென்று ஒருவர் சொல்வதை மதித்தல் வேண்டும் என்றுங் குறித்தது. எம்மிடம் வந்தவர் இதனை அறியார். முதல் நாள் அவர் கேட்டது மருந்தன்று. தம் மனைவியிடம் காட்டுதற்கு ஒரு கடிதம். நோவு மெய்யென்று எழுதி, ஒப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுத்தோம். அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தார்.