கடல் பின்வாங்கிய பகல்



வேல்ஸ் நாட்டின் மூன்று பக்கமும் கடல். கோடை விடுமுறை வந்துவிட்டால் அங்குள்ள குடும்பங்கள் சாப்பாட்டையும் துவாயையும் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டுவிடும். கார்டிப் நகரில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் 2023 ஓகஸ்டில் அப்படியொரு நாள் வாய்த்தது. கூடப் படித்த தோழியர் இருவருடன் புகையிரதமேறி, அரை மணி நேரத்தில் பாரி ஐலன்ட் போய்ச் சேர்ந்தேன்.

பெயரில்தான் அது தீவு. 1880களில் நிலக்கரி ஏற்றுமதிக்காகத் துறைமுகம் கட்டியபோது அது கரையோடு சேர்ந்துவிட்டது. 1896 இல் புகையிரதப் பாதையும் வந்தது. பிறகென்ன, சுரங்கத் தொழிலாளர்கள் தம் மனைவி மக்களோடு அங்கே வந்து குவிந்தார்கள். கரித்தூசியில் உழன்ற தாய்மாருக்குக் கடற்காற்று கிடைத்த நாட்கள் அவை.

நாங்கள் போனபோது அலை கிட்டத்தில் இருந்தது. கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிட்டு, நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நிமிர்ந்து பார்த்தால், கடல் வெகுதூரம் போய்விட்டிருந்தது! ஈர மணல் மட்டும் பளபளத்தது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது.

ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். 2004 டிசம்பர் 26 ஐ நம்மில் யார் மறப்போம்? கிழக்கிலங்கையில், கடலை அண்டிய ஊர் எங்களுடையது. அன்று எனக்கு நாலு வயது. எங்கள் மாமியின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. “கடல் உள்ளுக்குப் போனா திரும்பிப் பாராம ஓடு மகள்” என்பது உம்மா எனக்குச் சொல்லித்தந்த முதற் பாடங்களில் ஒன்று.

நான் எழுந்து நின்ற கோலத்தைக் கண்டு, பக்கத்தில் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒரு மூதாட்டி விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, அன்றைய வற்றுப்பெருக்கு நேர அட்டவணையைக் காட்டினார். கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்று நிமிடக் கணக்கில் அதில் இருந்தது.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீர், புனல்போல் அகன்று ஒடுங்கும் பிரிஸ்டல் கால்வாயினுள் புகும்போது மிக உயரமாக எழுகிறது. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் பாரியில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 10 மீற்றருக்கும் மேல் வித்தியாசம் வரும். ஏறக்குறைய ஆறேகால் மணி நேரத்தில் வற்றி, அதேபோல் திரும்பப் பெருகும். அதை அறியாமல் பாறைப் பக்கம் போனவர்கள் நீர் சூழ்ந்து அகப்படுவதும் உண்டு. அதனால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிக்கச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலோ இந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே சகோதரிகளே, நம் கரையில் கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் அது வற்று அல்ல. ஒரு கணமும் தாமதியாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓடவேண்டும். கடல் உள்வாங்காமலேயும் சுனாமி வரலாம் என்பதையும் மறவாதீர்கள். உம்மாவின் பாடம் நம் கரைக்கு முற்றிலும் சரியானது.

அன்றிரவு தொலைபேசியில் எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். சுனாமிக்குப் பின் கடற்கரைப் பக்கமே போகாதவர் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“அது எத்தின மணிக்குத் திரும்பி வருமெண்டும் எழுதி வெச்சிருக்காங்களா மகள்?”