வலி போன பிறகுதான் வேலை

"எங்கே வலிக்குது?" என்று கேட்டேன். "கால்லப்பா" என்றாள் மகள். "கால்ல எங்கே?" பதில் இல்லை. பயிற்சி முடிந்து வந்தவள் ஹாக்கி மட்டையை மூலையில் சாத்திவிட்டு, படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறிப்போனாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. தொடை இடுக்கு. பதினேழு வயதுப் பெண் அப்பாவிடம் சொல்லக் கூசும் இடம். 1991-இல் நாக்பூரில் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது நானும் பயிற்சியாளரிடம் "தொடையில பிடிப்பு சார்" என்றுதான் பூசி மெழுகினேன். தைலம், வெந்நீர் ஒத்தடம், மூன்று வாரம் ஓய்வு. வலி சுத்தமாகப் போய்விட்டது. குணமாகிவிட்டது என்று நம்பி மைதானத்தில் இறங்கினேன். முதல் பாதியிலேயே, பக்கவாட்டில் நீட்டி ஒரு பந்தை உதைத்தபோது உள்தொடையில் துணி கிழிவது போல் ஓர் உணர்வு. மறுபடியும் ஓய்வு, மறுபடியும் ஆட்டம், மறுபடியும் கிழிசல். மூன்றாம் முறைக்குப் பிறகு என்னை யாரும் அணிக்கு அழைக்கவில்லை.

மகளுக்கும் அதே இடத்தில் வலி. மாநில ஜூனியர் அணித் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள். "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்ப்பா" என்றாள். என் பழைய வசனம்.

புனேயில் எங்கள் பகுதியில் உள்ள பிஸியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். நடுத்தர வயது மராத்திப் பெண்மணி. மகளைப் படுக்க வைத்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே தன் முஷ்டியை வைத்து, "நசுக்கு" என்றார். மகள் முகம் சுளித்தாள். "பத்துக்கு எவ்வளவு வலி?" "ஆறு." பிறகு இடுப்பு மூட்டை மடக்கி, திருப்பிப் பார்த்தார். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். ராத்திரியில் வலிக்கிறதா, சாப்பாடு சரியாக இருக்கிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்க ஆரம்பித்ததும் நான் வெளியே போய் நின்றேன்.

அந்தக் கேள்விகளின் காரணத்தைப் பிறகு சொன்னார். தொடை இடுக்கில் வலி என்றால் தசை என்று முடிவு கட்டக் கூடாது. இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் இடிபடுவதாக இருக்கலாம். குடலிறக்கம் வரும் பகுதியின் கோளாறாக இருக்கலாம். போதிய சாப்பாடில்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் வரலாம். அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடவிட்டால் எலும்பே முறியும். 2014-இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் விளையாட்டு வீரர்களின் இந்த வலியைத் தனித்தனி வகைகளாகப் பிரித்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். மகளுக்கு உள்தொடைத் தசைதான் என்று உறுதியானது. இடுப்பு எலும்பின் முன்பக்கத்திலிருந்து தொடைக்கு இறங்கும் தசை அது. ஹாக்கியில் குனிந்து, காலை அகட்டி, சட்டென்று திசை மாறும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அதுதான்.

"ஓய்வு வலியை எடுத்துவிடும். பலத்தைத் தராது" என்றார். சும்மா இருக்கும் தசை இன்னும் பலவீனமாகும். பழைய வேகத்தில் இழுத்தால் மறுபடி கிழியும். 1991-க்கான விளக்கம் எனக்கு அன்றுதான் கிடைத்தது.

இது அவர் கண்டுபிடிப்பு அல்ல. டென்மார்க்கின் பெர் ஹோல்மிச் 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நாள்பட்ட தொடை இடுக்கு வலியுள்ள 68 விளையாட்டு வீரர்களில் ஒரு பாதிக்கு மசாஜ், லேசர், மின் சிகிச்சை போன்றவை. மறு பாதிக்குத் தசையைப் பலப்படுத்தும் உடற்பயிற்சி. வலியின்றிப் பழைய நிலையில் ஆடத் திரும்பியவர்கள் முதல் குழுவில் 4 பேர். இரண்டாவது குழுவில் 23 பேர். நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இன்று அந்தச் சாக்கு செல்லாது.

"எத்தனை நாள் ஆகும்?" என்றாள் மகள். "பத்து, பன்னிரண்டு வாரம்." அறையில் சத்தமே இல்லை.

வீடு திரும்பும் வழியில் நீரஜ் சோப்ரா கதையைச் சொன்னேன். 2022 ஜூலையில் யூஜீனில் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற கையோடு தொடை இடுக்கில் காயம். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர் விலகினார். கொடியை பி.வி. சிந்து ஏந்தினார். ஆகஸ்ட் இறுதியில் லோசானில் நீரஜ் 89.08 மீட்டர் எறிந்து முதலிடம் பிடித்தார். "அப்பா, அவர் நீரஜ். அவருக்கு அடுத்த போட்டி காத்திருக்கும். எனக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதோடு, நீரஜின் கதையும் அத்தனை சுலபமானதல்ல. அந்தத் தொல்லை 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை அவரை விடவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தது வெள்ளி. 2025 மே மாதம் தோஹாவில்தான் 90 மீட்டரைத் தாண்டினார்.

தேர்வு நாளன்று மகள் மைதானத்துக்குப் போனாள், தோழிகளுக்குத் தண்ணீர் கொடுக்க. அன்றிரவு சாப்பிடவில்லை. ஒரு ஊசி போட்டு ஆடவிட்டிருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது. மனைவி, "உங்களுக்கு ஊசி போட்டிருந்தா நாலாவது தடவையும் கிழிஞ்சிருக்கும்" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து வேலை ஆரம்பம். முதலில் முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து நசுக்குவது. வலி பத்துக்கு இரண்டுக்குள் இருந்தால் தொடரலாம். ஐந்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். பிறகு ரப்பர் பட்டையைக் கட்டிக் காலை உள்ளே இழுப்பது. ஐந்தாவது வாரம் வலி அறவே போய்விட்டது. நான் மைதானத்தில் இறங்கிய கட்டம். பிஸியோதெரபிஸ்ட் கருவி வைத்து அளந்தார். உள்தொடைத் தசையின் பலம் வெளித்தசையின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் 2001-இல் நடந்த ஆய்வில், இந்த அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம் என்று தெரிந்ததாம். "இனிமேல்தான் வேலையே" என்றார்.

அப்போது வந்தது கோபன்ஹேகன் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மேல் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பைத் தூக்கிக் கீழ்க் காலை மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நார்வேயில் 35 கால்பந்து அணிகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இதை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி தொடை இடுக்குத் தொல்லைகளை 41 சதவீதம் குறைத்திருக்கிறது. எந்திரம் வேண்டாம். காலைப் பிடிக்க ஓர் ஆள் போதும்.

அந்த ஆள் நான்தான். ஏழாவது வாரம் நேராக ஓடினாள். ஒன்பதாவது வாரம் வளைந்து திரும்பி ஓடினாள். பதினொன்றாவது வாரம் கிளப் ஆட்டத்தில் இருபது நிமிடம் ஆடினாள். மாநில அணி அவள் இல்லாமலே போய்வந்தது. அடுத்த ஆண்டு தேர்வில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

வாரம் இரண்டு நாள் கூடத்தில் பாயை விரித்துவிட்டு, "அப்பா, கால்!" என்று கூப்பிடுகிறாள். போய்ப் பிடித்துக்கொள்கிறேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இப்போதெல்லாம் கூச்சமில்லாமல் இடத்தைச் சொல்கிறாள்.