மூன்று ரன்

சேப்பாக்கம் மைதானத்தை நான் முதலில் பார்த்தது திருப்பனந்தாளில், எங்கள் களத்துமேட்டில். பார்த்தது காதால்தான். 1975 பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. சம்பாக் கட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சித்தப்பா டிரான்சிஸ்டரை வைக்கோல் போரில் சொருகிவிட்டு, கதிர் அடிப்பவர்களைப் பார்த்தும் பாராமலும் நின்றார். ஆண்டி ராபர்ட்ஸ் ஒவ்வொருவராகச் சாய்க்க, விஸ்வநாத் மட்டும் அசையவில்லை. கடைசியாகச் சந்திரசேகரும் போனார். இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97.

“மூணு ரன்னுடா! அந்த மனுஷன் நாலு பந்து நிக்கப்படாதா?” ராச்சாப்பாடு வரை புலம்பல். அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தும் அவர் மனசு ஆறவில்லை.

கும்பகோணம் தாண்டி அதிகம் போகாதவர். ஆனால் சேப்பாக்கத்தின் ஜாதகமே அவருக்கு மனப்பாடம். ஆற்காடு நவாபின் பழைய மாளிகை வளாகத்தில் 1865-இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு இடம் கிடைத்தது. 1934-இல் அங்கே முதல் டெஸ்ட். 1952-இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா கண்ட முதல் டெஸ்ட் வெற்றி, அதில் மங்கட்டுக்கு 12 விக்கெட். குங்கிலியக் கலயர் எங்கள் ஊர்ச் சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்திய கதைக்கும் இதே குரல்தான்.

1988 பொங்கலுக்கு நான் நேரில் போனேன். ஹிர்வானி அறிமுக ஆட்டத்திலேயே 16 விக்கெட் எடுத்த டெஸ்ட். சிமெண்டுப் படி சுட்டது, கடல்காற்று வந்தது, கூட்டம் காதைப் பிளந்தது. களத்துமேட்டில் அதே இரைச்சல் தூரத்து மழை மாதிரி அல்லவா கேட்கும்! அவ்வளவு பெரிய மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு வைக்கோல் வாசனைக்கு ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்?

இப்போது கிளப்பின் பழைய பெவிலியன் இல்லை. 2023-இல் கலைஞர் பெயரில் புது மாடம் திறந்தார்கள். எங்கள் களத்துமேடும் இல்லை; அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. பொங்கல் டெஸ்ட் என்றால் என் பேரனுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை.

அன்று சென்னையிலிருந்து திரும்பியதும் சித்தப்பா ஹிர்வானியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

“விஸ்வநாத் 97-ல நின்னானே, அது எந்த முனைடா?”

எனக்கென்ன தெரியும்? “வாலாஜா ரோடு முனை” என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றார்.