நவம்பரில் தொடங்குங்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஜனவரியில் வருவார்கள், இல்லாவிட்டால் மே மாதத்தில். ஜனவரி புத்தாண்டு உறுதிமொழிகளின் மாதம். மே மாதத்தில் கனமான குளிர்கோட்டைக் கழற்றி மாட்டியதும் தொப்பை கண்ணில் படத் தொடங்கும். எனக்குப் பிடித்த மாதம் நவம்பர். நான் வசிக்கும் ஜெர்மனியின் ஹாலே நகரில் அப்போது சாலே ஆற்றின் மேல் மூட்டம் கவிந்திருக்கும். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கருங்கல் பாவிய தெருக்களில் ஈரம் காயவே காயாது. வீட்டை விட்டு வெளியே வர எவருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட மாதத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பிறகு அவ்வளவு சுலபத்தில் விட்டுப்போவதில்லை. மே மாதத்து வெயிலில் உற்சாகமாகத் தொடங்கியவை முதல் பனியிலேயே நின்றுபோவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். உணவியல் ஆலோசகராக இந்த ஊரில் வேலை செய்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: ஆண்டின் மோசமான மாதத்துக்குத் திட்டம் போடுங்கள். நல்ல மாதங்களுக்குத் திட்டமே வேண்டாம்.

இங்கே என்னிடம் வரும் தமிழர்கள் மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், வைன்பெர்க் வளாகத்தின் ஆய்வு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், அவர்களின் குடும்பத்தினர். கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஊரில் இருந்தவரை பஸ்ஸுக்கு ஓடியதும் கடைக்கு நடந்ததும் கணக்கில் வராத உடற்பயிற்சி. இங்கே வந்ததும் டிராம் வாசலில் நிற்கிறது, வேலை நாற்காலியில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இருட்டிய மாலைகளில் தட்டோடு மடிக்கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். போதாததற்கு இது சாக்லேட் ஊர். 1804 முதல் இயங்கும் ஹாலோரன், ஜெர்மனியின் மிகப் பழைய சாக்லேட் ஆலை என்ற பெயர் பெற்றது. அதன் உருண்டைகள் இல்லாத பிறந்தநாளோ பிரிவுபசாரமோ இங்கே இல்லை. இரண்டு குளிர்காலம் போதும், பேன்ட் பொத்தான் போட முடியாமல் போக.

முதல் சந்திப்பில் நான் எடுப்பது எடைத் தராசை அல்ல, தையல்காரரின் டேப்பை. நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது. உடல் நிறை குறியீட்டெண் 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பது ஐரோப்பியக் கணக்கு. ஆசிய உடலமைப்புக்கு 23 முதலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவில் தெற்காசிய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. இங்குள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டு “24தான், நார்மல்” என்று நிம்மதியாக இருப்பவரின் டேப் 97 காட்டும். பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது அரிசி. ஓர் ஆராய்ச்சி மாணவரோடு நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன். இதன் இன்னொரு வடிவத்தைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன்.

“அக்கா, நான் சோறு ரொம்பச் சாப்பிடறதில்ல.”

“ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி போடுறீங்க தம்பி?”

“ஒரு டம்ளர்தான். அதுவும் ரெண்டு வேளைக்கு மேல சோறே கிடையாது.”

அந்த டம்ளரை அடுத்த முறை கொண்டுவரச் சொன்னேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டம்ளர். சமையலறைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, அரிசியைத் தலைதட்டி அளந்தோம். 170 கிராம். ஏறக்குறைய 600 கலோரி. இரண்டு வேளைக்கு 1,200. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருடைய தேவையில் பாதியைச் சோறு மட்டுமே தின்றுவிடுகிறது. சாம்பாரும் எண்ணெயும் அப்பளமும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சோற்றை நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தச் சொன்னால் பத்து நாள் கேட்பார்கள், பதினோராம் நாள் பிரியாணியில் முடியும். டம்ளரைப் பாதியாக்கச் சொல்கிறேன். காலியான இடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. நம் சாப்பாட்டில் குறைபடுவது புரதம். “தினமும் பருப்பு சாப்பிடுகிறேனே” என்பார்கள். ஒருவர் பங்குச் சாம்பாரில் விழும் துவரம்பருப்பு 20 கிராம் இருந்தால் அதிகம். அதில் புரதம் 4 கிராம் சொச்சம். மீதி புளித்தண்ணீரும் காயும். இங்கே எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கொழுப்பு நீக்கிய க்வார்க் என்ற கெட்டித் தயிர் போன்ற பால்பொருள் கிடைக்கிறது. 250 கிராம் டப்பாவில் 30 கிராம் புரதம், 170 கலோரி. அதைத் தயிரோடு சரிபாதி கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, பாதி டம்ளர் சோற்றில் பிசைந்தால் தயிர்சாதத்தின் குணம் மாறாது. இரவு பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் தேடும் கை மட்டும் நின்றுவிடும். முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், மைசூர் பருப்பை வழக்கத்தைவிட மூன்று மடங்கு போட்ட கெட்டிக் கூட்டு ஆகியவற்றுக்கும் இதே வேலைதான்.

காய்கறிக்கு வழியில்லை என்ற சாக்கு ஹாலேயில் எடுபடாது. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் மூன்றும் குளிர்காலம் முழுக்க மலிவு. உறையவைத்த கீரை, பீன்ஸ், பட்டாணிக்கு நறுக்கும் வேலைகூட இல்லை. கோல்ராபி என்று இங்கே குவித்து விற்பது நம் நூக்கல்தான். தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு. இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். எண்ணெயை மட்டும் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளக்கச் சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. கை தாராளமாக இருந்தால் ஒரே தாளிப்பில் அரைவேளைச் சாப்பாடு ஏறிவிடும்.

இனி உடற்பயிற்சி. இங்கே பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: ஜிம்மில் சேர்ந்துவிட்டால் சாப்பாட்டைத் தொட வேண்டாம். 70 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் கைவீசி நடந்தால் செலவாவது 120 கலோரி அளவு. டிசம்பரில் சந்தைச் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் கடைகளில் ஒரு கோப்பை க்ளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் குடித்தால் ஏறுவது 200. கணக்கு நேராகவில்லை என்பது தெரிகிறது அல்லவா? எடையை இறக்கும் வேலையில் பெரும்பங்கு தட்டுக்கு. இறக்கிய எடை மீண்டும் ஏறாமல் பிடித்து வைக்கும் வேலையில் பெரும்பங்கு நடைக்கு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருவதும், தூக்கம் சீராவதும், மனச்சோர்வு விலகுவதும் அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹாலேயில் குளிர்காலத்தில் அதை எப்போது செய்வது? மாலையில் என்று திட்டமிட்டவர் தோற்றுவிடுகிறார். வேலை முடியும்போது வெளியே கும்மிருட்டு, வீட்டுக்குள் கணகணப்பு. ஆகவே நடையை மதியத்துக்கு மாற்றுகிறேன். வைன்பெர்க் வளாகத்திலிருந்து சரிவில் இறங்கினால் சாலே ஆறு. பாலத்தைக் கடந்தால் பைஸ்னிட்ஸ் தீவு. கோடையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் பொம்மை ரயிலின் தண்டவாளம் அங்கே ஏறக்குறைய 2 கி.மீ. ஓடுகிறது. சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு, திரும்பும்போது மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், அதுவே போதும். அந்த நேரத்தில்தான் இங்கே கொஞ்சமாவது பகல் வெளிச்சம் இருக்கிறது. வார இறுதிக்கு டோலாவர் ஹைடே காடு இருக்கிறது. குடும்பத்தோடு போகலாம், காசு கிடையாது.

நடை மட்டும் போதாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்கும் எடையில் கால் பங்கு வரை தசையும் பிற திசுக்களுமாகப் போய்விடலாம். தசை போனால் உடல் செலவழிக்கும் சக்தியும் குறையும், பழைய எடைக்குத் திரும்புவது சுலபமாகிவிடும். எனவே வாரம் இருமுறை தசைக்கு வேலை. மாணவர்களில் பலர் வாடகை மலிவு என்று ஹாலே நாய்ஸ்டாட்டில் இருக்கிறார்கள். லொய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் கட்டப்பட்ட அடுக்குமாடிப் பகுதி அது. ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்களில் பலவற்றில் லிஃப்ட் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்களிடம், மாதக் கட்டணம் இல்லாத ஜிம் என்பேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பது, ஆசியக் கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறுவது இவை போதும். சாப்பிடுவதற்கு முன்பே அரிசி உடம்பைக் குறைக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். துணையோடு செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு தகவல்: சான்று பெற்ற உடற்பயிற்சி, உணவு வகுப்புகளுக்கான கட்டணத்தில் கணிசமான பகுதியை ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீடு திருப்பித் தருகிறது. சந்தா கட்டும் நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

சாப்பாடும் நடையும் சேர்ந்தே வேண்டும் என்பதற்கு இந்த ஊரின் பழைய கதையும் துணை. தமிழர்களுக்கு ஹாலே என்றதும் நினைவுக்கு வருவது ஃபிராங்கே அறநிறுவனங்கள். இங்கே படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் அச்சு எழுத்துகளை வார்த்து அங்கே அனுப்பிய ஊர் இது. 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூல்களின் பட்டியலில் திருக்குறளும் இருக்கிறது. அதே காலத்தில் ஹாலே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர் ஃபிரீட்ரிக் ஹாஃப்மன். இவ்வூரில் 1660இல் பிறந்து 1742இல் இங்கேயே மறைந்தவர். உடலுக்குச் சிறந்த மருந்து அசைவுதான் என்று 1701இல் ஓர் ஆய்வுரையே வெளியிட்டார். ஒழுங்கான வாழ்க்கைமுறையால் நோயையும் அகால மரணத்தையும் தள்ளிப்போடுவது எப்படி என்று 1715 முதல் சாதாரண மக்களுக்காக ஜெர்மன் மொழியில் பல பாகங்களாக எழுதினார். வள்ளுவரின் மருந்து அதிகாரத்தில் பத்துக் குறளில் ஆறு, பசித்து அளவறிந்து உண்பதைப் பற்றியவை. நடக்கச் சொல்லி ஒன்றும் இல்லை. ஏரும் ஏற்றமும் நடைப்பயணமுமாக வாழ்ந்த மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது. பிரஷ்ய மன்னருக்கே வைத்தியம் பார்த்த ஹாஃப்மனுக்கு உட்கார்ந்தே வாழும் மனிதர்களையும் தெரியும். நாம் அந்த இரண்டாம் வகை. நமக்கு இரண்டு பேரும் வேண்டும்.

“ஊசி போட்டால் எடை குறைகிறதாமே?” என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். குறைகிறது, உண்மை. உடல் பருமனால் மூட்டும் இதயமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது நல்ல மருந்து, மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஊசி போட்டாலும் தட்டையும் நடையையும் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

நான் தடை உணவுப் பட்டியல் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். டம்ளர் பாதியாகி அது பழகிய பிறகே க்வார்க், அது பழகிய பிறகே மதிய நடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச வடிவமும் வைத்திருக்கிறேன். பனியும் தேர்வும் ஒன்றாக வந்த நாளில் பத்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்கினால் போதும், அன்றைய கடமை முடிந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்த மூன்று நாள் முப்பது நாளாகாமல் பார்த்துக்கொண்டால் சரி. எடையை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்க்கலாம். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வாரம் அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். சில வாரம் முள் நகராது, டேப் நகரும்.

தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு மோசமான மாதம் வேறாக இருக்கும். அக்னி நட்சத்திரமாக இருக்கலாம், ஐப்பசி அடைமழையாக இருக்கலாம், வாரம் ஒரு பந்தி வைக்கும் முகூர்த்த மாதமாக இருக்கலாம். அது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த மாதத்திலும் உங்களால் விடாமல் செய்ய முடிந்ததை மட்டும் இன்றைக்குத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிவிடுங்கள். மற்றவர்கள் இன்று இரவே அரிசி டம்ளரைத் தராசில் வைத்துப் பாருங்கள்.