முள்நாறியின் நாற்றம்

நம் நாட்டுத் தமிழர் டுரியானுக்கு இட்ட பெயர் முள்நாறி. தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர் சிலர் இப்பெயரைக் கேட்டதும், பழத்தைப் பார்ப்பதற்கு முன்பே முகத்தைச் சுளித்துக்கொள்வர். அவர்கள்மீது குற்றமில்லை. நாற்றம் என்னும் சொல் இன்று சாக்கடைக்கு உரியதாகிவிட்டது. ஆனால் சங்கப் பாடல்களில் முல்லையும் காந்தளும் நாறின. திருமாலின் வாய்மணம் எத்தகையது என்று வெண்சங்கைக் கேட்ட ஆண்டாளும் அந்த வினைச்சொல்லையே கையாண்டாள். மலாய்க்காரர்கள் முள்ளைக் குறிக்கும் 'டூரி' என்ற சொல்லை மட்டும் கொண்டு பழத்துக்குப் பெயரிட்டார்கள். தாவர நூலார் புனுகுப் பூனையை நினைவூட்டும் சொல்லை அதன் அறிவியற் பெயரில் சேர்த்தார்கள். முள்ளையும் மணத்தையும் ஒரே பெயரில் கட்டியவன் தமிழன். அவன் தமிழையும் அறிந்தவன், பழத்தையும் அறிந்தவன் என்றே நான் கருதுகிறேன்; ஏனெனில் நாற்றத்தின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே பொருந்துகின்ற கனி இதுபோல் வேறில்லை.

அந்தப் பெயரின் பிற்பாதி இப்போது பொய்த்து வருகிறது. திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் என் வயதொத்தவர்கள் கூடினால், பழக்காலம் பற்றிய பேச்சு வந்தவுடன் எவரேனும் ஒருவர், "சுளை நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பழைய வாசம்தான் இல்லை" என்று சொல்லாமல் இருப்பதில்லை. முதியோர் எதைத்தான் பழைய மாதிரி இல்லை என்று குறைகூறவில்லை? ஆகவே இதைக் கிழவர் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இந்தப் புலம்பலில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்பதும், அந்த உண்மைக்குக் காரணங்கள் உண்டு என்பதும் படிக்கப் படிக்க எனக்குப் புலனாயின.

நான் வளர்ந்தது குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். 1960களின் பிற்பகுதி அது. தோட்டத்தின் எல்லையில், லயங்களுக்கும் மலாய்க் கம்பத்துத் தூசுனுக்கும் இடையே, ஓடையோரமாகப் பதினொரு முள்நாறி மரங்கள் நின்றன. அவற்றை நட்டவர் எவருமில்லை. தின்றுவிட்டு எறிந்த கொட்டையிலிருந்து முளைத்து, பால் மரங்களைவிட இருமடங்கு உயர்ந்து நின்றவை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் நின்றது கோயில் மரம். இடி விழுந்து உச்சி கருகியது மொட்டை மரம். சுளை வெளுத்து, கசந்து, சாராயம்போல் தலைக்கேறுவது கங்காணி மரம். அந்தப் பெயர் வந்த காரணத்தைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார்கள்.

பழம் பெரும்பாலும் இரவில்தான் விழும். 'தொம்' என்று ஓர் ஓசை. அதன்பின் தவளைச் சத்தம்கூடச் சற்று நின்றுவிடும். அரிக்கன் விளக்கை ஏந்திக்கொண்டு பிள்ளைகள் ஓடுவோம். எங்களுக்கு விளக்கைவிட மூக்கே வழிகாட்டி. விழுந்த இடத்தில் முள் சிதைந்து, தோல் இலேசாக வெடித்து, அங்கிருந்து கிளம்பும் வாடை இருட்டில் ஒரு கயிறுபோல் நம்மை இழுக்கும். அப்பாயி கண்பார்வை மங்கியவர். பழத்தைக் காம்புப் பக்கமாகத் திருப்பி முகர்ந்துபார்த்து, "இது கோயில் மரம், இது மொட்டை மரம்" என்று பிரித்து வைப்பார், ஒருமுறையும் தவறியதில்லை. கோயில் மரத்துப் பழத்தில் வெங்காயத்தை நெய்யில் கருக வதக்கிய மணமும், அதன் அடியில் பலாச்சுளையின் இனிப்பும் இருக்கும். காலைப் பெரட்டுக்குள் அதைத் தின்றுவிட வேண்டும். மதியத்துக்குள் சுளை தளர்ந்துவிடும்.

அப்பாயியின் மூக்கு அறிந்ததை அறிவியலாளர் பிற்காலத்தில் அளந்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரப் பகுதியைச் சேர்ந்த உணவு வேதியியலார், தாய்லாந்தின் மோந்தோங் வகைச் சுளையைப் பகுத்தாய்ந்து, அதன் வாடை பல்வேறு ஆவிகளின் கூட்டு என்று காட்டினார்கள். ஒன்று பழவாசனை தருவது, மற்றொன்று அழுகிய வெங்காயம், வேறொன்று வறுத்த வெங்காயம். இவற்றுள் வெங்காய வாடைகள் எல்லாம் கந்தகச் சேர்மங்கள். 2017இல் அவர்களே, பழவாசனைக்கு ஒன்று, வறுத்த வெங்காயத்துக்கு ஒன்று என இரண்டே சேர்மங்களைக் கலந்து முள்நாறியின் மணத்தை ஏறத்தாழ உருவாக்கிக் காட்டினார்கள். அப்பாயி சொன்ன கருகிய வெங்காயமும் பலாவினிப்பும் இவைதாம் போலும். அதே 2017இல் சிங்கப்பூர் அறிஞர்கள் மூசாங் கிங் வகையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். மற்றச் செடிகளில் ஒன்றிரண்டாக இருக்கும் கந்தக வாடைக்குரிய மரபணு இம்மரத்தில் பெருகியிருப்பதையும், பழம் கனியும்போது அது முனைந்து வேலை செய்வதையும் கண்டனர். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெயர் வெளியிட விரும்பாத சில டுரியான் பிரியர்களாம். நாக்கின் பக்தி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எனக்கு மிகவும் பயன்பட்டது 2020இல் வந்த மற்றோர் ஆய்வு. அழுகிய வெங்காய வாடைக்கு மூலப்பொருளான எத்தியோனின் என்ற அரிய அமினோ அமிலம் முள்நாறிச் சுளையில் இருப்பதையும், பழம் பழுக்கப் பழுக்க அது மிகுவதையும் அதே ஜெர்மானியக் குழு கண்டறிந்தது. அப்படியென்றால் இந்த வாடை பிஞ்சிலிருந்தே பழத்தில் தங்கியிருக்கும் பொருளன்று. பழம் தன் ஆயுளின் கடைசி நாட்களில் செய்யும் வேலை. அதற்குக் காரணமும் உண்டு. காட்டிலே யானை முதலிய விலங்குகளை அழைத்து, சுளையைக் கொடுத்து, கொட்டையைத் தொலைவுக்கு அனுப்ப மரம் விடுக்கும் அழைப்பு அது. விதை முற்றாதபோது அழைப்பு விடுப்பதில் மரத்துக்கு ஆதாயம் இல்லை.

இங்கிருந்து பார்த்தால் வாசம் எங்கே போயிற்று என்பது விளங்கத் தொடங்குகிறது. முதலில் நேரத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் பழம் தானாக விழும்வரை காத்திருப்பது மரபு. தாய்லாந்தில் விழும் முன்பே மரத்திலிருந்து வெட்டி இறக்குகிறார்கள். தொலைதூரச் சந்தைக்கு அதுவே வசதி. அங்குச் சந்தபுரி ஆய்வு நிலையத்தில் சொங்போல் சொம்ஸ்ரீ என்ற அறிஞர் பல வகைகளைக் கலந்து, வாடை மிகக் குறைந்த ஒரு வகையையே உருவாக்கினார். 2007இல் உலகச் செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. வாடையில்லாத முள்நாறியை விரும்புவோர் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. சிங்கப்பூரின் ரயிலில் அதைக் கொண்டுபோக முடியாது, விடுதிகளில் தடை. பக்கத்து நகரத்து வாடிக்கையாளருக்காகவே ஜொகூரில் சுளையைப் பிரித்து, நெகிழிப் பெட்டியில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்து விற்கும் வழக்கம் பெருகியது. குளிரில் வைத்த டி24 சுளையில் கந்தகச் சேர்மங்கள் நாளடைவில் குறைந்து போவதை நம் நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 2011 முதல் உறைய வைத்த சுளையும், 2019 முதல் உறைய வைத்த முழுப் பழமும், 2024 முதல் புதுப் பழமும் சீனத்துக்குப் போகின்றன. மதியத்துக்குள் தின்ன வேண்டிய பழம் கடல் கடக்கிறது. தின்பவன் முகர்வது பயணத்தில் மிஞ்சியதைத்தான்.

அடுத்தது மரம். தோட்டத் தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பரில் நாம் ஏற்கெனவே கண்ட கதை. பிராங் பெசார் தோட்டத்திலும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலும் நல்ல பால் தரும் தாய்மரத்தைத் தெரிந்தெடுத்து, அதன் மொட்டை ஆயிரமாயிரம் கன்றுகளில் ஒட்டினார்கள். (அந்தப் பிராங் பெசார் நின்ற மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.) ஒட்டு மரக் காடு என்பது உண்மையில் ஒரே மரம், பல்லாயிரம் தண்டுகளோடு. முள்நாறிக்கும் அதுவே நடந்தது. வேளாண்மைத் துறை 1934 முதல் சிறந்த மரங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்யத் தொடங்கியது. டி24 1937இல் பதிவானது. மூசாங் கிங் என்ற டி197 1993இல். எண் பெற்ற மரங்கள் பல இருந்தும், சந்தை விரும்புவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றையே. மஞ்சள் நிறம், தடித்த சுளை, சுருங்கிய கொட்டை, இனிப்பும் கசப்பும் இவ்வளவு என்ற கணக்கு ஆகியவற்றுக்காக அவை தெரிந்தெடுக்கப்பட்டன. வாசத்துக்காக எந்த வியாபாரியும் கிலோவுக்குக் கூடுதலாக ஒரு வெள்ளி கொடுத்ததை நான் பார்த்ததில்லை. மூசாங் கிங்குக்கு வாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். உண்டு, நல்ல வாசமும்கூட. ஆனால் பதினொரு மரங்களுக்குப் பதினொரு வாசம் இருந்த இடத்தில் இப்போது சிகாமட் முதல் கோத்தா திங்கி வரை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாசமே வீசுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல அப்பாயிக்கு இனி வேலையில்லை.

இத்தகைய முறையீடு முள்நாறிக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கும் கஞ்சாவைப் பற்றியும் மேல்நாட்டில் அவ்வாறே பேசுகிறார்கள். 1970களில் அமெரிக்காவில் பெயர்பெற்ற, மரநாய் போன்ற 'ஸ்கங்க்' விலங்கின் பீச்சலுக்கு ஒப்பிடப்பட்ட ஒரு வகையின் காட்டமான நெடி இன்று கிடைப்பதில்லை என்பது அங்குள்ள பழையவர்களின் குறை. நெடி காவலருக்குக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சி, மறைவில் வளர்த்தோர் நெடி குறைந்த செடிகளையே தெரிந்தெடுத்தனர் என்று அவர்கள் சொல்கிறார்கள். 2021இல் அமெரிக்க வேதியியலார் அந்த நெடிக்குக் காரணம் ஒரு கந்தகச் சேர்மம் என்றும், பூ முற்றும் கடைசி வாரங்களில் அது மிகுந்து, உலர்த்திச் சேமித்த சில நாட்களில் வெகுவாகக் குறைகிறது என்றும் கண்டனர். செடி வேறு, பயன் வேறு, சட்டம் வேறு. ஆனால் கந்தகம் அதே கந்தகம், தேர்வும் தேக்கமும் செய்த வேலையும் அதுவே.

நம் மூக்கும் பழையதாய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிரூட்டிய அறையில் நாளெல்லாம் இருந்துவிட்டு, புகை மண்டிய சாலையோரக் கடையில் கையுறை மாட்டிக்கொண்டு தின்பவனுக்கு எந்தப் பழம்தான் நாறும்?

எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், 2014இல் நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. கோயிலை வேறிடத்துக்கு மாற்றப் பேச்சு நடந்தது. கடிதங்கள் எழுதினோம், கூட்டம் போட்டோம், இறுதியில் சாலையோரமாகச் சிறு நிலம் கிடைத்தது. மரங்களுக்காக யார் கடிதம் எழுதுவார்? அவற்றுக்கு எண் இல்லை, பட்டா இல்லை. விதை மரம் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு பிரதி. கொட்டையை நட்டால் வருவது அதன் பிள்ளையே தவிர அதுவன்று. வெட்டிவிட்டால் அந்த வாசத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. எட்டு மரங்கள் முன்பே விழுந்திருந்தன. மிஞ்சிய மூன்றில் கோயில் மரமும் ஒன்று.

ரப்பரில் ஒட்டுக் கட்டியே வயது கழித்த அண்ணன் ஒருவர் எங்கள் லயத்துக்காரர். பொக்கான் இயந்திரம் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக, தம் பழைய கத்தியோடு சென்று, கோயில் மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து கொம்புகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பன்னிரண்டு கன்றுகளில் ஒட்டினார். ஏழு பிடித்தன, வறட்சியிலும் பன்றியாலும் ஆறு போயின. ஒன்று, ரெங்கம் பக்கத்தில் அவருடைய அரை ஏக்கர் நிலத்தில் இப்போது வீட்டுக் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. மூன்று பருவமாகப் பூக்கிறது, காய்தான் நிற்கவில்லை.

முள்நாறிப் பூ மாலையில் விரிந்து நள்ளிரவுக்குமேல் உதிர்ந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனுண்ணும் வௌவால் ஒன்று மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பத்துமலைக் குகைகளில் தங்கும் வௌவால் இனம் இந்த வேலையைச் செய்வதை 1970களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்; முருகன் சந்நிதியில் நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வௌவால்கள்தாம். ஆனால் வௌவால் வந்தாலும் போதாது. பெரும்பாலான முள்நாறி மரங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. பக்கத்தில் வேறு மரம், அதுவும் வேறு குலத்து மரம், பூத்திருக்க வேண்டும். அண்ணனின் நிலத்தைச் சுற்றிலும் செம்பனை.

சென்ற பூப்பருவத்தில் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எழுபத்தாறு வயதில் ஏணி சார்த்தி ஏறி, இரவு எட்டு மணிக்குத் தூரிகையால் பூக்களைத் தொட்டுவிடத் தயாராக இருப்பதாகவும், மகரந்தம்தான் வேண்டும் என்றும் சொன்னார். லாபிஸில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் நான்கு டி24 மரங்கள் உண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தால், அந்தப் பூக்களை ஈரத்துணியில் பொதிந்து இருட்டுவதற்குள் ரெங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.