மன்னார்க் கரையும் என் சிறு கமராவும்

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கின்ற காலத்திலே மன்னாருக்குச் செல்வோர், பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் நெடுந்தாம்போதியில் வண்டி ஏறியதும் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவர். இருமருங்கும் முழங்காலளவு ஆழமுள்ள உவர்நீர் கண்ணாடிபோலப் பரந்து கிடக்கும். சேற்றின் மணமும் உப்பின் மணமும் கலந்து காற்றில் வரும். அப்பால், வானமும் நீரும் சேருமிடத்திலே, வெண்மையும் இளஞ்சிவப்புமாய் ஒரு கோடு தெரியும். அக்கோடு மெல்ல அசையும்போதுதான் அவை பூநாரைகள் என்பது நமக்குப் புலனாகும்.

தாம்போதியின் பெருநிலப் பக்கத்தில் தொடங்கும் வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டெயர் பரப்புடையது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென 2010ஆம் ஆண்டிலே ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி ஆயிரமாயிரம் கல் தூரம் பறந்து வரும் நீர்ப்பறவைகள், நம் நாட்டில் முதன்முதலாகக் கால் பதிக்கும் நிலங்களுள் இதுவும் ஒன்று. உப்பங்கழி, சேற்றுவெளி, முட்புதர், கடற்கரை என்று பல நிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பதால், பலவகைப் புள்ளினங்களும் ஆங்கு உணவு காண்கின்றன.

இத்தகைய இடத்துக்குக் கமராவுடன் செல்பவர் முதலிற் கற்கும் பாடம் தூரத்தைப் பற்றியது. பறவை நம்மை நாடி வராது. நாம் சேற்றிலிறங்கி அதனை நாடிச் சென்றாலோ, கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். நெடும்பயணத்தின் களைப்பைத் தீர்க்க இரை தேடும் உயிரை ஒரு படத்துக்காக எழுப்பிவிடுதல் அறமன்று. ஆகவே தெருவோரத்தில் நின்றவாறே தூரத்தைச் சுருக்க வல்ல கருவி வேண்டும். அக்கருவி, பஸ்ஸில் மடியில் வைத்துச் செல்லவும், நாள் முழுவதும் தோளில் தொங்கவிட்டு நடக்கவும் ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

என்னிடமுள்ள கருவி அவ்வகையினது. நிக்கொன் நிறுவனம் 2011ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ‘நிக்கொன் 1’ என்ற பெயரிலே வெளியிட்ட, ஆடியில்லாச் சிறு கமராக்களின் வரிசையில் முதலில் வந்த ‘வி1’ என்னும் கமரா. பற்றரி நீங்கலாக அதன் நிறை 294 கிராம். அதனுடன் நான் பயன்படுத்தும் 70–300 மில்லிமீற்றர் வில்லை 2014ஆம் ஆண்டில் வந்தது. நிறை ஏறக்குறைய 550 கிராம். இரண்டும் சேர்ந்தும் ஒரு கிலோவை எட்டா. இக்கமராவின் உணரி மிகச் சிறியதாதலால், அந்த வில்லை பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருட் கமராவில் 810 மில்லிமீற்றர் வில்லை தரக்கூடிய நெருக்கத்தைத் தருகின்றது. ஒப்புநோக்குவதற்கு ஒன்று கூறுவேன்: அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட 800 மில்லிமீற்றர் வில்லை, கமரா இல்லாமலே ஏறக்குறைய 2.4 கிலோ நிறையுடையது. அதைச் சுமந்து யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாகப் பஸ்ஸில் மன்னாருக்குப் போவதை நினைக்கவே தோள் நோகும்.

இவ்வளவு பொருத்தமான கருவி இருக்கையில் வேறு கவலை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு ஜூலையில் அந்த வரிசை முழுவதும் உற்பத்தி நிறுத்தப்பட்டதென நிறுவனம் உறுதிப்படுத்தியது. அடுத்த மாதமே ‘இசட்’ என்ற புதிய வரிசை அறிமுகமாயிற்று. முந்திய வரிசையின் வில்லைகளைப் புதிய கமராவிற் பொருத்துவதற்கு நிறுவனம் இணைப்பு வளையம் எதனையும் தரவில்லை. இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கனொன் நிறுவனத்தின் ‘ஈஓஎஸ் எம்’ வரிசை 2012இல் தோன்றி 2023இல் முடிவுற்றது. அதன் வில்லைக்கும் உணரிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் 18 மில்லிமீற்றர். அதனை அடுத்து நிலைத்த ‘ஆர்எப்’ வரிசையிலோ அத்தூரம் 20 மில்லிமீற்றர். பழைய வில்லை உணரியை இன்னும் அணுகி நிற்க விரும்புகிறது. புதிய கமரா அதற்கு இடந்தரவில்லை. ஈராயிரத்தில் இரண்டன்று, இருபதில் இரண்டு மில்லிமீற்றர். அதனாலே ஒரு பெட்டி வில்லைகள் அடுத்த வீட்டுக்குப் போகமுடியாமற் போயின.

ஆகவே எங்கள் வீட்டிலும் ஒரு வினா எழுந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்த வேளை. கமரா இன்னும் நன்றாக உழைக்கின்றது. ஆயினும் ஒருநாள் நின்றுவிட்டால் திருத்துவதற்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. இப்போதே மாற்றிவிடலாமா? மகளுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஒரு கணினி வாங்கவேண்டும் என்பது அதே பணத்தின் மீதுள்ள மற்றொரு உரிமை. 2022ஆம் ஆண்டு மார்ச்சின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை நம்மவர் மறந்திலர். இறக்குமதிப் பொருள் எதுவாயினும் இருமுறை எண்ணியே வாங்கும் வழக்கம் அன்றுமுதல் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது.

“இருக்கிறது ஓடுமட்டும் ஓடட்டுமென். காசு கையிலை கிடந்தால் ஒண்டுக்கு உதவும்,” என்றார் மனைவி.

“புதுக் கமரா வாங்கினால் பூநாரை கிட்ட வருமோ அப்பா?” என்று கேட்டாள் மகள்.

மகள் விளையாட்டாகக் கேட்ட கேள்விதான் மெய்யான கேள்வி. பௌதிகவியல் கற்பிப்பவனாதலால் தாளும் பென்சிலும் எடுத்தேன். மாற்றுவதாயின் என் வசதிக்கு ஏற்றது, ஒலிம்பஸ், பனசோனிக் ஆகிய இரு நிறுவனங்கள் 2008இல் கூட்டாக வகுத்த ‘மைக்ரோ போர் தேர்ட்ஸ்’ வரிசையாகும். அதன் உணரி 17.3க்கு 13 மில்லிமீற்றர். பரப்பு ஏறக்குறைய 225 சதுர மில்லிமீற்றர். என் கமராவின் உணரி 13.2க்கு 8.8, பரப்பு 116. ஏறக்குறைய சரிபாதி. புதியதில் இரண்டு கோடிப் படப்புள்ளிகள். என்னுடையதில் ஒரு கோடி. பரப்பும் இருமடங்கு, புள்ளியும் இருமடங்கு. அப்படியாயின், ஒரு சதுர மில்லிமீற்றரில் அடங்கும் புள்ளிகளின் தொகை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றேயன்றோ! இரண்டிலும் 300 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி ஒரே இடத்தில் நின்று ஒரே பூநாரையைப் படம்பிடித்தால், அப்பறவையின் மீது விழும் புள்ளிகள் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். புதியதிலே பறவையைச் சுற்றிச் சேறும் நீரும் கூடுதலாகத் தெரியும். பறவை கிட்ட வரமாட்டாது.

இக்கணக்கை மனத்திற்கொண்டு, தீவு முழுவதையும் ஒரு நாள் மூவருமாகச் சுற்றிவந்தோம். எவ்விடத்தில் இக்கருவி போதும், எவ்விடத்தில் போதாது என்று பார்த்துவருவதே நோக்கம்.

தாம்போதி முடியுமிடத்திலே போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. நகரை அடுத்துப் பள்ளிமுனையிலே பெருக்குமரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்பர். பலர் கைகோத்து நின்றாலன்றி அதன் அடிமரத்தைச் சுற்றிவளைத்தல் இயலாது. கோட்டைக்கும் பெருக்குமரத்துக்கும் தூர வில்லை பயனற்றது. அகன்ற பார்வையே வேண்டும். முன்னாளில் இதற்கென்று வேறொரு வில்லையைப் பையில் வைத்திருப்பேன். கடற்காற்றிலே மணல் பறக்கும்போது வில்லை மாற்றுவது பெரும் தொல்லை. இப்போது மகளின் கைத்தொலைபேசி அவ்வேலையைச் செவ்வனே செய்துவிடுகின்றது. தெருவை மறித்து நின்ற மன்னார்க் கழுதைகளையும் அவளே படம்பிடித்தாள். என் கமரா இனிமேல் எல்லா வேலையும் செய்யவேண்டியதில்லை. தூரத்து வேலை ஒன்றைச் செய்தாற் போதும் என்பது அங்கே தெளிவாயிற்று.

தீவின் தென்கரையிலே, 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பதும் வரிசையாய் நிற்கின்றன. 103.5 மெகாவாற்று மின்னாற்றல் கொண்டவை. அவை எழுவதற்கு முன்பிருந்தே ஒரு பனங்கூடலின் ஓரத்தில் நின்று ஆண்டுக்கொரு படம் எடுத்துவருகிறேன். வெறும் வானமாயிருந்தது எப்படி மாறிற்று என்பதைக் கல்லூரியில் மாணவருக்குக் காட்ட அவை உதவுகின்றன. இத்தொடர் அறுந்துவிடுமே என்று பழைய கமராவைப் பற்றிக்கொண்டிருப்பதற்கு நியாயமில்லை. பார்வைக் கோணத்தைக் கணித்து எந்தக் கமராவிலும் அதே காட்சியைப் பெறலாம். தொடர்ந்து நடைபெற வேண்டியது ஆண்டுதோறும் அங்கே போய் நிற்பதே.

உச்சி சாய்ந்த பின்னர் தலைமன்னாரை அடைந்தோம். பழைய இறங்குதுறையின் அருகே நின்று மேற்குத் திசையை நோக்கினால், கடலும் மணற்றிட்டுகளுமே தெரிகின்றன. 1914ஆம் ஆண்டிலே இங்கே ஓர் அரிய ஏற்பாடு தொடங்கியது. கொழும்பில் ஏறிய பயணி புகைவண்டியில் தலைமன்னாருக்கு வந்து, கப்பலில் தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் புகைவண்டியில் சென்னையை அடைவார். வண்டியும் கப்பலும் வண்டியுமாக மூன்று கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆயினும் சங்கிலி அறவில்லை; இராமேஸ்வரம் அவ்விடத்தை நிரப்பிற்று. 1980களின் நடுப்பகுதியிலே போர்ச்சூழலால் கப்பல் நின்றது. 1990இல் இப்பக்கத்துப் புகைவண்டியும் நின்றது. 2015 மார்ச்சிலே புதிய தண்டவாளத்தில் வண்டி துறைவரை மீண்டும் வந்தது. ஏறிச்செல்லக் கப்பல்தான் இல்லை.

மாற்றுக்கண்ணி கிடைக்கும்வரை சங்கிலி உயிரோடிருக்கும். மாற்றில்லாத கண்ணி அறுந்தால் எஞ்சியவை நன்றாயிருந்தும் பயனில்லை. துறையோர நிழலிலே சோற்றுப் பொதியை அவிழ்த்தபடி என் கமராவின் கண்ணிகளை எண்ணிப்பார்த்தேன். பற்றரி: இதே வகைப் பற்றரியை அந்நிறுவனத்தின் பெரிய கமராக்கள் பலவும் பயன்படுத்துவதால் வாங்குவதில் இடரில்லை. நினைவு அட்டை: எந்தக் கடையிலும் உண்டு. கமராவின் உடல்: பழையது ஒன்றைத் தேடிப் பெறலாம், பலர் கைவிட்ட வரிசையாதலால் விலையும் பெரிதன்று. வில்லை: இதுவே மாற்றரிய கண்ணி. ஆக, அஞ்சவேண்டியது வில்லை ஒன்றற்கே. அது நலமாயுள்ளவரை சங்கிலி அறாது.

திரும்பும் வழியிலே திருக்கேதீச்சரத்துக்குச் சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மாலைப் பூசைக்கு மணி ஒலிக்கையில் பாலாவிக் கரையிலே பொழுது மங்கிக்கொண்டிருந்தது. கோயிலுள்ளே படமெடுக்க நான் விரும்புவதில்லை. நீரோரத்தில் நின்ற கொக்கொன்றை மாத்திரம் எடுத்துப் பார்த்தேன். படம் முழுவதும் மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாய் இருந்தது. இங்கே புதிய கமராவே வெல்லும் என்பதை மறைப்பதற்கில்லை. உணரியின் பரப்பு இருமடங்கானால், ஒரே திறப்பிலே முழுப்படத்துக்கும் சேரும் ஒளியும் இருமடங்கு. கைநடுக்கத்தைத் தணிக்கும் பொறியும் புதிய கமராக்கள் பலவற்றில் உடலினுள்ளேயே அமைந்துள்ளது. இரவுத் திருவிழா, மண்டபத்து நடனம், கல்யாணவீடு இவற்றைப் படம்பிடிப்பவர், நிறுத்தப்பட்ட சிறு வரிசையொன்றை வைத்துக்கொண்டு தாமதிக்க வேண்டியதில்லை. இனித்தான் வில்லைகள் சேர்க்கத் தொடங்கும் இளைஞரும், வாழ்கின்ற வரிசையொன்றிற் சேர்வதே நன்று. முடிந்துபோன வரிசையிலே மேலும் மேலும் பணமிடுதல், வற்றிய குளத்துக்கு வாய்க்கால் வெட்டுவது போலாகும்.

என் தேவையோ பகல் வெளிச்சமும், எட்டநிற்கும் பறவையும், இலேசான பையுமே. அதற்கு இக்கருவி இன்றும் குறையுடையதன்று. ஆதலால் முடிவு செய்தோம்: புதிய பற்றரி ஒன்று வாங்குவது, புதிய வில்லையோ துணைக்கருவியோ இவ்வரிசையில் இனி வாங்காதிருப்பது, எடுத்த படங்களையெல்லாம் இரண்டு இடங்களிற் பிரதிசெய்து வைப்பது, இவ்வில்லை நிற்கும் நாளிலே, வில்லைகளை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆக்குகின்ற வரிசைக்குப் போவது. சீட்டுப் பணத்தின் பெரும்பகுதி கணினிக்குப் போகும். மீதி தபாற்கந்தோர்ச் சேமிப்பிலே கிடக்கும்.

கருவியை மாற்றுவதா இல்லையா என்று அலைமோதும் வாசகர் எவராயினும், கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னர், தாம் விரும்பிச் செல்லும் ஓரிடத்துக்கு அக்கருவியுடன் ஒருநாள் போய்வருதல் நலம். எது போதும், எது போதாது என்பதை அவ்விடமே எடுத்துக்காட்டும். மன்னாருக்குப் போவதாயின் தை, மாசி மாதங்கள் உகந்தவை. விடியற்காலையிலே தாம்போதியில் இருங்கள். குடிநீரும் தொப்பியும் மறவாதீர்கள். சேற்றில் மாத்திரம் இறங்காதீர்கள்.